ஹாமில்டனை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் இங்கே வாங்க

மழைக்கோட்டு

ஃபார்முலா 1 (எஃப்1) கார்ப் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டனின் கணக்கு வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஏழு உலகப் பட்டம், நூறைத் தாண்டிய வெற்றி, 2025இல் ஃபெராரிக்கு மாறியது. அதை விடுங்கள். ரேஸ் நடக்கும் இடத்துக்கே போய் அவரைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? டிவியில் தெரியாத ஏதோ ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அதை எழுதுங்கள். நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

2008 ஜூலை 6, சில்வர்ஸ்டோன். லெஸ்டரில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் உட்காரக் காசில்லை, புல்தரையில் நிற்கிற டிக்கெட்தான். அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம். பொட்டல்வெளி, காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. மழையில் தெப்பலாக நனைந்து, புளியோதரை டப்பாவைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றோம்.

பார்க்க ஒன்றுமே இல்லை. கார் வருகிறது என்றால் ஒரு வெள்ளைத் தண்ணீர்ச் சுவர் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் காது வேலை செய்தது. அந்த வருஷம்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோலை, அதாவது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தடை செய்திருந்தார்கள். ஈரத்தில் மிதி கொஞ்சம் கூடினால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும், எஞ்சின் சத்தம் எகிறி அறுபடும். மற்றவர்கள் வளைவிலிருந்து வெளியே வரும்போது விக்கல் எடுத்த ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. ஹாமில்டனின் மெக்லாரன் வந்தால் மட்டும் கடையில் புதுத்துணி கிழிக்கிற சத்தம். ஒரே நீளம். நாலைந்து சுற்றுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டே "இவர்தான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஃபெராரி வீரர் மாஸா அன்றைக்கு ஐந்து தடவை சுழன்றார். முதல் இரண்டுக்குச் சிரித்தோம், அப்புறம் பாவமாகிவிட்டது. ஹாமில்டன் 68 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 68 வினாடி என்றால் என்ன தெரியுமா? அவர் கோட்டைத் தாண்டியதைக் கேட்டு, கைதட்டி, டப்பாவை மூடி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்த பிறகுதான் இரண்டாவது ஆள் ஹைட்ஃபெல்ட் வந்து சேர்ந்தார். நாலாவது இடத்திலிருந்து பின்னால் வந்த அத்தனை பேருக்கும் குறைந்தது ஒரு சுற்றுப் பாக்கி.

செட்டிபாளையம்

நாங்க கோயம்புத்தூர். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவுக்கு ரயிலேறினது நரேன் கார்த்திகேயனுக்காகத்தான், உண்மையைச் சொல்லணும். நம்ம ஊர்ப் பையன் நம்ம நாட்டு டிராக்கில் எஃப்1 ஓட்டுகிறான் என்றால் வீட்டில் உட்கார முடியுமா? ஹாமில்டன் போனஸ்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் டிராக்குக்குள் ஒரு நாய் புகுந்து உலகமே சிரித்தது. அதே நாள் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியை மதிக்கவில்லை என்று ஹாமில்டனுக்கு மூன்று இடம் அபராதம். இரண்டாவதாக நிற்க வேண்டியவர் ஐந்தாவதாகக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மாஸாவோடு மோதல். அந்த வருஷம் மொனாக்கோ, சிங்கப்பூர் என்று போன இடமெல்லாம் இருவருக்கும் உரசல்தான். முன்பக்க இறக்கை உடைந்து பிட்டுக்குள் (நடுவில் காரைச் சரிசெய்து டயர் மாற்றும் இடம்) போய்த் திரும்பி ஏழாவதாக முடித்தார். அதே மெக்லாரனில் பட்டன் இரண்டாவது.

நான் பார்த்தது என்ன என்றால், ஒன்றுமில்லை. அதுதான் விஷயம். பட்டம் வாங்கிய ஆள், ஆனால் கூட்டத்தில் ஒருத்தனாக ஓடிக்கொண்டிருந்தார். தம்பி "இதுக்கா இத்தனை பில்டப்பு?" என்று கேட்டான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஷூமி ரசிகன் 91

அவர் ஓட்டின மெர்சிடீஸ் கார் இருந்தால் என் பக்கத்து வீட்டு மாமாகூட ஜெயிப்பார் ப்ரோ.

மழைக்கோட்டு

மாமாவுக்கு வாழ்த்துகள். 2007இல், முதல் வருஷத்திலேயே, ஹாமில்டன் இரண்டு தடவை சாம்பியனான அலோன்சோவின் பக்கத்து காரில் ஓட்டி இருவரும் 109 புள்ளியில் சமமாக முடித்தார்கள். அது மெர்சிடீஸ் அணி இல்லை, மெக்லாரன். அந்த வருஷப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ரைக்கோனனுக்குப் போனது. சரி, வேறு யாராவது?

கிள்ளான்காரன்

வணக்கம் அண்ணே. மலேசியாவில் எங்க செப்பாங் டிராக்குக்குப் பல வருஷம் போயிருக்கேன். 2014இல் ஹாமில்டன் போல் (முதல் ஆளாகக் கிளம்பும் இடம்) எடுத்து ஜெயித்ததையும் பார்த்தேன். எம்எச்370 விமானம் காணாமல் போய் மூன்று வாரம், யாருக்கும் கொண்டாடுகிற மனநிலை இல்லை. அதைவிட 2016 அக்டோபர் 2தான் கண்ணிலேயே நிற்கிறது.

அன்றைக்கு முதல் வளைவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். செப்பாங் வெயில் தெரியும்தானே, பிளாஸ்டிக் நாற்காலியில் கை வைக்க முடியாது. ஹாமில்டன் முதலிடத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார். அதே அணியில் இருந்து பட்டத்துக்குப் போட்டியிட்ட ரோஸ்பெர்க்கைத் தொடக்கத்திலேயே வெட்டல் இடித்துச் சுழற்றிவிட்டதால் அவர் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். 41ஆவது சுற்று. நேர்ப்பாதையில் வந்த காரின் பின்னாலிருந்து முதலில் புகை, அப்புறம் தீ. ஸ்டாண்டே எழுந்து நின்றுவிட்டது. காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. தடுப்பு ஓரமாகக் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

டிவி உடனே அடுத்த காருக்குப் போய்விடும். எங்களுக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றவில்லை. ரேஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் அங்கே. பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அவரிடம் தூக்கிப் போட முடியுமா என்கிற மாதிரி கையில் வைத்துக்கொண்டே நின்றார். முதலிடம் என்றால் 25 புள்ளி. வருஷக் கடைசியில் ரோஸ்பெர்க்கிடம் 5 புள்ளியில் பட்டம் போனது.

2017க்குப் பிறகு செப்பாங்கில் எஃப்1 இல்லை. இப்போது அந்தப் பக்கம் போனால் விமான நிலையத்துக்குத்தான்.

பார்க்கிங் பாஸ்

சில்வர்ஸ்டோன் வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அவருடைய புல்டாக் ராஸ்கோ ஒரு வண்டியில் போவதைப் பார்த்தேன். ஆளைப் பார்க்கவில்லை.

முசாஃபா

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கிள்ளான் அண்ணன் எழுதியதைப் படித்ததும் கை நிற்கவில்லை.

2021 டிசம்பர் 12, அபுதாபி யாஸ் மரீனா. கம்பெனியில் ஒருவர் ஊருக்குப் போனதால் அவர் டிக்கெட் எனக்கு வந்தது. புதிதாக மாற்றியமைத்த ஐந்தாம் வளைவுக்கு எதிரே இடம். வருஷத்தின் கடைசி ரேஸ், ஹாமில்டன், நெதர்லாந்தின் வெர்ஸ்டாப்பன் இருவரும் 369.5 புள்ளியில் சமம். என்னைச் சுற்றி ஆரஞ்சு சட்டை. ஆனால் 50 சுற்றுக்கு மேல் அவர்கள் வாயே திறக்கவில்லை. ஹாமில்டன் அவ்வளவு சுத்தமாக முன்னே போய்க்கொண்டிருந்தார்.

53ஆவது சுற்றில் லட்டீஃபி சுவரில் மோதினார், எல்லோரையும் மெதுவாக வரிசையில் ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் உடனே பிட்டுக்குப் போய்ப் பிடிப்பு அதிகமான புது சாஃப்ட் டயர் மாட்டிக்கொண்டார். ஹாமில்டன் காரில் 14ஆவது சுற்றில் மாட்டிய பழைய ஹார்ட் டயர். இருவருக்கும் நடுவே ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள். முன்னே விட்டால் பின்தங்கிய எல்லாக் கார்களையும் விட வேண்டும், இல்லையென்றால் ஒன்றையும் விடக்கூடாது. அன்றைக்கு அந்த ஐந்தை மட்டும் முன்னே போகச் சொன்னார்கள். கடைசி ஒரு சுற்று ரேஸ். என் கண்ணெதிரே, அந்த ஐந்தாம் வளைவில், உள்பக்கமாகப் புகுந்து கடந்துபோய்விட்டார் வெர்ஸ்டாப்பன். மூடி முழிப்பதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது.

பிற்பாடு பந்தயத்துக்குப் பொறுப்பான அமைப்பான எஃப்ஐஏ விசாரித்து அது மனிதத் தவறு என்று சொன்னது. முடிவு முடிவுதான் என்றும் சொன்னது. அதைப் பற்றிச் சண்டை போட வேறு இடம் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு. பெரிய திரையில் பார்த்தோம். காரை நிறுத்திய மனிதர் வெளியே வரவில்லை. சுற்றிலும் பட்டாசு, ஆரஞ்சுக் கூச்சல், அந்த ஹெல்மெட் மட்டும் அசையாமல். இறங்கி வந்தவர் நேரே வெர்ஸ்டாப்பனிடம் போய் வாழ்த்தினார். ஹாமில்டனின் அப்பாவும் போய் வாழ்த்தினார். என் பக்கத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நானும் என் மேனேஜர்மேல் வைத்திருந்த ஒரு பழைய கோபத்தை அந்த வாரம் தள்ளிப்போட்டேன். தள்ளித்தான் போட்டேன், விடவில்லை.

ஸ்டீவனேஜ் அக்கா

நான் யாழ்ப்பாணம், இப்ப ஹாமில்டன் பிறந்து வளர்ந்த ஊரில் இருக்கிறேன். ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. மகனின் பிறந்தநாளுக்கு ஹொடெஸ்டனில் ரை ஹவுஸ் கார்ட் டிராக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் சின்ன வயதில் ஓடின இடம். ஒரு பின்னேரச் செலவைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது. அவருடைய தகப்பன் பல வேலை செய்து வருஷக்கணக்காக ஓட விட்டிருக்கிறார். காரில் இருக்கிற 44, தகப்பனின் பழைய கார் நம்பர் பிளேட்டில் இருந்த எஃப்44இலிருந்து வந்ததாம். டயர் மாற்றக் குனிந்துகொண்டிருந்த அப்பாமாரைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழைக்கோட்டு

அக்கா, அந்தத் தகப்பனை நான் 2024 ஜூலை 7 அன்று திரையில் பார்த்தேன், அதே சில்வர்ஸ்டோனில். இந்தத் தடவை காசு கொடுத்து ஸ்டாண்ட். ஹாமில்டன் ஜெயித்து 945 நாள் ஆகியிருந்தது. நடுவில் மழை வந்து போனது. மெக்லாரனின் நோரிஸ் காய்ந்த டிராக்குக்கான டயருக்கு ஒரு சுற்றுத் தாமதமாக வந்தார், போதாததற்குப் பிட்டில் குறியைத் தாண்டி நிறுத்திவிட்டார். வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றுகளில் நெருங்கி நெருங்கி வந்து ஒன்றரை வினாடியில் நின்றார். சில்வர்ஸ்டோனில் ஹாமில்டனுக்கு அது ஒன்பதாவது வெற்றி. இறங்கியதும் அப்பாவைக் கட்டிப் பிடித்து அழுதார், விடவே இல்லை. 68 வினாடியில் ஜெயித்த அன்றுகூட ஜனம் இப்படிக் கத்தவில்லை.

இப்போதைய ஹைபிரிட் எஞ்சினில் அந்தத் துணி கிழிக்கிற சத்தம் இல்லை, அது ஒன்றுதான் குறை.

பார்க்கிங் பாஸ்

அண்ணா, அடுத்த ஜூலைக்கு டிக்கெட் போட்டாச்சு. குடை எடுத்துட்டு வரலாமா?

மழைக்கோட்டு

வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். ரெயின்கோட், கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ். ரேஸ் முடிந்ததும் காருக்கு ஓடாதீர்கள், எப்படியும் இரண்டு மணி நேரம் நகராது. சாப்பாட்டை அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.