கால் முறிந்த வீரர் எப்போது திரும்ப வேண்டும்? தேமு செலன்னேயின் விளையாட்டு வாழ்க்கை பற்றி ஒரு வினா

வினா: விசுவமடுப் பயிற்றுவிப்பாளர்

வணக்கம். விசுவமடுவுக்கு அருகிலுள்ள ஒரு விளையாட்டுக் கழகத்தில் பத்து ஆண்டுகளாக இளையோருக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். எங்கள் அணியின் முன்கள வீரனான பதினேழு வயதுப் பையன், மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒரு போட்டியில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து விழுந்தான். பிளாஸ்டர் கழற்றியாகிவிட்டது. அடுத்த மாதச் சுற்றுப்போட்டியில் அவனை இறக்கியே ஆக வேண்டும் என்று கழகத்தில் சிலர் நெருக்குகிறார்கள். அவனுடைய தாயாரோ, இனி மைதானத்துப் பக்கமே விடமாட்டேன் என்று உறுதியாக நிற்கிறார். இரு பக்கத்துக்கும் நடுவில் என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நிற்கிறேன்.

கனடாவின் வின்னிபெக் நகரில் வசிக்கும் என் அண்ணாவின் மகன், தேமு செலன்னே என்ற பின்லாந்து ஐஸ் ஹொக்கி வீரரும் பத்தொன்பது வயதில் கால் முறிந்தவர்தான் என்றும், அதன் பிறகுதான் உலகப் புகழ் பெற்றார் என்றும் சொன்னான். ஐஸ் ஹொக்கியைத் தொலைக்காட்சியில் இரண்டொரு முறை பார்த்ததைத் தவிர எனக்கு அந்த விளையாட்டுடன் பழக்கமில்லை. அவர் எவ்வளவு காலம் விலகி இருந்தார், திரும்பிய பின் எப்படி விளையாடினார் என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால், வீட்டுக்குப் போய்ப் பேசும்போது எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: முள்ளியவளையூரான், ஹெல்சிங்கி

வணக்கம் அண்ணா. நான் முள்ளியவளையில் பிறந்து, இப்போது செலன்னேயின் சொந்த நகரமான ஹெல்சிங்கியில் வசிக்கிறேன். இங்கு குளிர்காலத்தில் பாடசாலை முற்றங்களுக்கு நீர் பாய்ச்சி உறையவிடுவார்கள். பிள்ளைகள் இருட்டிய பின்னும் விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே சறுக்கிக்கொண்டிருப்பார்கள். நமது ஊரில் அறுவடை முடிந்த வயலில் பந்து உருட்டுவதைப் போன்றதுதான் அது.

செலன்னே 1970 இல் பிறந்தவர். யோக்கெரித் என்ற ஹெல்சிங்கிக் கழகத்தில் வளர்ந்தார். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில், இளம் வீரர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவு செய்யும் வழக்கம் உண்டு. 1988 இல் வின்னிபெக் ஜெட்ஸ் அணி அவரைப் பத்தாவதாகத் தெரிவு செய்தது. ஆனால் அவர் உடனே கடல் கடந்து போகவில்லை. 1989 இல் கால் முறிந்தபோது அந்தப் பருவத்தில் அவர் ஆடியிருந்தவை வெறும் 11 ஆட்டங்கள். எஞ்சிய பருவம் முழுவதும் வெளியிலேயே இருந்தார். அடுத்த பருவத்தில் திரும்பி 42 ஆட்டங்களில் 33 கோல்கள் அடித்தார். 1992 இல் யோக்கெரித் பின்லாந்துச் சம்பியனானது. அதன் பின்னரே, தெரிவாகி நான்கு ஆண்டுகள் கழித்து, வின்னிபெக் சென்றார். தனது முதற் பருவமான 1992–93 இல் 76 கோல்கள் அடித்தார். அதற்கு முன் ஒரு புதுமுக வீரரின் அதிகபட்சம் மைக் பொஸ்ஸி அடித்த 53 கோல்கள்; செலன்னேயின் 76 ஐ இன்றுவரை எந்தப் புதுமுக வீரரும் எட்டவில்லை.

இத்தோடு கதையை நிறுத்திக்கொண்டால், கால் முறிந்தவர்கள் எல்லாரும் பெரிய வீரர்களாகி விடுவார்கள் என்ற தவறான எண்ணம் பையனுக்கு வந்துவிடும். எனவே பிற்பகுதியையும் சொல்கிறேன். 1994 ஜனவரியில் இன்னொரு வீரரின் சறுக்குச் சப்பாத்தின் கூரிய அலகு பட்டு அவருடைய குதிக்கால் தசைநாண் அறுந்தது. அப்பருவமும் பாதியில் முடிந்தது. 1996 இல் அனஹைம் அணிக்கு மாற்றப்பட்டு, அங்கே அடுத்தடுத்த இரு பருவங்களில் 51, 52 கோல்கள் அடித்தார். பின்னர் முழங்கால் கெட்டது. 2003–04 இல் கொலராடோ அணிக்காக அந்த முழங்காலோடு 78 ஆட்டங்கள் ஆடினார். கிடைத்தவை 16 கோல்கள் மட்டுமே. அவர் முடிந்துவிட்டார் என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த பருவம், உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தொழிற்பிணக்கால் லீக் முழுவதுமே நடைபெறவில்லை. அந்த ஆண்டில் சத்திரசிகிச்சை செய்து, உடம்பைத் தேற்றி, 2005–06 இல் அனஹைமுக்குத் திரும்பி 40 கோல்கள் அடித்தார். 2007 இல், 36 வயதில், முதன்முறையாக ஸ்டான்லி கிண்ணத்தை, அதாவது அந்த லீக்கின் சம்பியன் கிண்ணத்தை, வென்று கண்ணீர் விட்டார். 2014 இல் சோச்சி ஒலிம்பிக்கில் 43 வயதில் வெண்கலப் பதக்கமும், அத்தொடரின் மிகச் சிறந்த வீரர் என்ற பெயரும் பெற்றார். மொத்தம் 1451 ஆட்டங்கள், 684 கோல்கள்.

அண்ணா, நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒன்றுதான்: முழுதாக ஓய்ந்து திரும்பிய இரு தடவையும் அவர் எழுந்தார், நோகும் காலோடு ஆடிய பருவத்தில்தான் விழுந்தார். இன்னொன்று, தாயாருக்காக: வட அமெரிக்காவுக்குப் போவதற்கு முன், அவர் ஹெல்சிங்கியில் ஒரு முன்பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் பணியாற்றியவர்.

மறுமொழி 2: வவுனியாவிலிருந்து ஓர் இயன்மருத்துவர்

முள்ளியவளையூரான் எழுதியதை மிகவும் விரும்பி வாசித்தேன். ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சுட்டாமல் இருக்க முடியாது. பனியில் சறுக்குபவர் காலைப் பக்கவாட்டில் தள்ளி வழுக்கிச் செல்கிறார். ஒரு தடவை களமிறங்கினால் ஏறக்குறைய முக்கால் நிமிடத்தில் வெளியேறி மூச்சு வாங்குகிறார். உதைபந்தாட்டக்காரரோ ஒவ்வோர் எட்டிலும் தன் உடல் நிறையைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தரையிலிருந்து காலில் வாங்கிக்கொண்டு, தொண்ணூறு நிமிடங்கள் ஓடுகிறார். ஆகவே அந்தப் பையனின் கால் எலும்பிடம் கேட்கப்படுவது செலன்னேயின் காலிடம் கேட்கப்பட்டதைவிட வேறு வகையான உழைப்பு.

பிளாஸ்டர் கழற்றப்பட்டதை விளையாடுவதற்கான அனுமதி என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ்க்கால் எலும்பு நன்கு பொருந்தவே பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்கள் செல்லும். அதன் பின்னரும் மெலிந்த தொடைத் தசை பழைய நிலைக்கு வர வேண்டும். முதலில் எலும்பு வைத்திய நிபுணரிடம் புதிய எக்ஸ்ரே படத்துடன் காட்டுங்கள். அவர் சம்மதித்த பிறகு நடை, மெதுவான ஓட்டம், திசை மாற்றி ஓடுதல் என்று படிப்படியாகப் போகலாம். ஒற்றைக் காலில் துள்ளும் தூரத்தை இரு கால்களிலும் அளந்து பாருங்கள். முறிந்த கால் மற்றக் காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டாமல் போட்டிக்கு இறக்க வேண்டாம். அடுத்த மாதம் என்பது என் அறிவுக்கு எட்டியவரை நடக்கக்கூடியதல்ல.

மறுமொழி 3: மாங்குளத்து மகள், மொன்றியல்

மொன்றியலில் வாழும் எங்களுக்கு ஐஸ் ஹொக்கி என்றாலே முதலில் நினைவுக்கு வருபவர் சாகு கொய்வு. அவரும் பின்லாந்துக்காரர், துர்க்கு நகரத்தவர். 1999 இல் மொன்றியல் கனடியன்ஸ் அணியின் தலைவரானார். 2001 செப்டெம்பரில் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அந்தப் பருவம் முழுவதும் சிகிச்சையில் கழியும் என்றே எல்லாரும் எண்ணினோம். 2002 ஏப்ரல் 9 அன்று அவர் மீண்டும் பனியில் இறங்கியபோது, அரங்கம் முழுவதும் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டியது. அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அவர் நோயோடு போராடிய மாதங்களில் அணி வேறொரு தலைவரை நியமிக்கவில்லை. அவருடைய இடம் அவருக்காகவே இருந்தது. உங்கள் பையனுக்கும் அடுத்த மாதப் போட்டியைவிட, தன் இடம் பறிபோய்விடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன், அண்ணா. அதைக் கழகம் வாய்விட்டுச் சொன்னால் அவனே அவசரப்படமாட்டான்.

விசுவமடுப் பயிற்றுவிப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வீட்டுக்குச் சென்று, செலன்னேயின் ஆட்டங்களையும் கோல்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பையன் 78 ஆட்டங்களில் 16 கோல்கள் என்ற வரியில் நெடுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதப் போட்டிக்கு அவன் இல்லை என்று கழகச் செயலாளரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவனுடைய இலக்கமான ஒன்பதாம் இலக்கச் சட்டையை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். எக்ஸ்ரே எடுக்க வரும் வியாழக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

தாயார் இன்னும் முழுமையாகச் சம்மதிக்கவில்லை. முன்பள்ளி ஆசிரியர் என்ற செய்தியைக் கேட்டவுடன், "அந்தப் பிள்ளை விளையாடிக்கொண்டே வேலையும் பார்த்ததா?" என்று இரண்டு தடவை கேட்டார். உயர்தரப் பரீட்சை முடியட்டும், அதன் பிறகு கதைப்போம் என்று சொல்லி, எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.