அரைக் கிலோ ரிவால்வர்: உதைப்பை அடக்க வழி சொல்லுங்க

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடு. எம்பேருக்கு லைசென்ஸ் வந்ததும் கான்பூர்ல செய்யற நிர்பீக்ங்கற ரிவால்வர் வாங்கினேன். .32 தோட்டா, எடை சுமார் 500 கிராம். கைப்பையில இருக்கறதே தெரியாது. ஆனா சுடறப்ப அந்த லேசுதான் வினையாகுது. கனமான துப்பாக்கின்னா உதையில பாதியைத் தானே வாங்கிக்கும், இது அப்படியே கைக்குக் கடத்திருதுங்க.

ரேஞ்சுல நாலு ரவுண்டு சுட்டாலே கட்டைவிரல் இடுக்குத் தோல் செவந்து போகுது. பிடி குட்டை, சுண்டுவிரலுக்கு எடமே இல்ல. ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி நழுவி, திரும்பச் சரி பண்ண வேண்டியிருக்கு. மருந்தில்லாத காலித் தோட்டாவை நடுவுல கலந்து போட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ட்ரிகரை இழுக்கறப்பவே குழல் முனை கீழ குத்துது. உதை வரும்னு கை முன்னாடியே பயந்துக்குது.

முடிஞ்ச மட்டும் மேலேறப் பிடிச்சு, ரெண்டு கையிலயும் இறுக்கிக்கறேன். தோட்டா போடற சிலிண்டரோட முன்பக்க இடுக்குல சூடான வாயு பீய்ச்சும்ங்கறதால விரலை அங்க கொண்டு போறதில்ல.

ரப்பர் பிடி மாத்தினவங்க இருக்கறீங்களாண்ணா? பருமனானா பையில சிக்குமா? சுண்டுவிரலை அடியில மடக்கிக்கறது சரியா? தோட்டாவும் லைசென்ஸ்ல எழுதுன அளவுதான், அள்ளிச் சுட்டுப் பழக முடியாது. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் பெண்களுக்குப் பொறுமையா சொல்லித்தர்ற கோச் இருந்தா அவசியம் சொல்லுங்க.