வேலை இல்லாத நேரத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மொட்டைமாடி_74:
ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. அதே சமயம் பழைய ஓனர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேடவாக்கம், பள்ளிக்கரணை என்று அலைந்ததை விடுங்கள், எல்லோரும் பட்டதுதான். மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு பிடித்திருந்தது. வாடகை 14,000, தண்ணீருக்குத் தனி. புரோக்கர் “பார்ட்டி ஐடி” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். இப்போது வேலை இல்லை, செட்டில்மென்ட் பணம் வந்திருக்கிறது, வேண்டுமானால் ஆறு மாத வாடகையை முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன் என்றேன். பாஸ்புக்கையும் நீட்டினேன். ஓனரம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்போ பகல்ல நீங்க வீட்லயேதான் இருப்பீங்களா?” என்றார்.

ஆமாம், மனைவிதான் வேலைக்குப் போகிறாள் என்றேன். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு அவருடைய மகள் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் “நீ உள்ள போம்மா” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. வாடகை தர மாட்டான் என்று நினைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது வேறு மாதிரி.

பீளமேடு_தோழி:
நான் கோயம்புத்தூர். தனியாகப் பையனோடு இருக்கிறேன். பள்ளிக்கூட வேலை போனபோது வீடு மாற வேண்டி வந்தது. ஓனர் பெரியவர், நல்ல மரியாதையான மனுஷர்தான். “சம்பளம் இல்லாம வாடகை எப்படிங் கண்ணு கட்டுவீங்க?” என்று கேட்டார். டியூஷன் எடுக்கிறேன், சேமிப்பும் இருக்கிறது என்றேன். அதெல்லாம் சரி, அண்ணன் நம்பரைக் கொடுங்க என்றார். கொடுத்தேன். என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு, “உங்க தங்கச்சிக்கு நீங்க பொறுப்பு எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார். அண்ணன் சரி என்று சொன்னான். ஆனால் உடனே சொல்லவில்லை. அந்த நடுவில் இருந்த மௌனம் இப்போதும் காதில் இருக்கிறது.

சட்டம்பேசி:
முதல் பதிவருக்கு. வேலை இல்லை என்று ஏன் சார் முதலிலேயே சொல்கிறீர்கள்? நானும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் வேலையில்லாமல் கிடந்தவன்தான், அந்தக் கதையை அப்புறம் எழுதுகிறேன். இப்போது சில விஷயங்கள். ஒன்று, கடைசி ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட்டை பிரின்ட் எடுத்து வையுங்கள். பாஸ்புக்கை நீட்டினால் யாருக்கும் படிக்கப் பொறுமை இருக்காது. இரண்டு, மனைவிக்கு வேலை இருக்கிறதல்லவா, அக்ரிமென்ட்டை அவர் பெயரில் போடச் சொல்லுங்கள். அவருடைய சாலரி ஸ்லிப் போதும். அப்புறம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாதம் கேட்பதை நாம் எல்லோரும் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2017-இல் வாடகைச் சட்டம் புதிதாக வந்து, 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதத்துக்குப் போட்டால் எதையும் பதிய வேண்டாம் என்பது பழைய பழக்கம், இந்தச் சட்டத்தில் அது செல்லாது. தகராறு வந்தால் ஓனர் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது, அதுவும் அதில் இருக்கிறது. கடைசியாக ஒன்று, ஆடியில் தேடுங்கள். அந்த மாதம் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், டூ-லெட் போர்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், ஓனர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். மார்கழியும் அப்படித்தான்.

பீளமேடு_தோழி:
ஐயா, வாசலில் நின்றுகொண்டு “சட்டப்படி மூணு மாசம்தான்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். சட்டம் வீட்டுக்குள் போனவர்களுக்கு. நாங்கள் இன்னும் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம்.

குரோம்பேட்டை_குமரேசன்:
எனக்கு நேர் எதிர். வயசான தம்பதி, பிள்ளைகள் வெளிநாடு. நான் வீட்டிலேயே இருப்பேன் என்றதும் அட்வான்ஸில் பாதியைக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் தெரிந்தது ஏன் என்று. சிலிண்டர் வந்தால் “தம்பி”, மோட்டார் போட “தம்பி”, தாத்தாவுக்கு பேங்க்குக்குத் துணை “தம்பி”. இன்டர்வியூவுக்கு ஷர்ட் அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது பாட்டி வந்து ரேஷன் கடைக்குப் போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்த இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் லேட். வேலை கிடைத்தபோது ஸ்வீட் கொடுத்தேன். தாத்தா சந்தோஷப்பட்டார், பாட்டி பேசவே இல்லை.

வாடகைதான்_பென்ஷன்:
இங்கே எல்லோரும் ஓனரைத் திட்டுவதால் ஒரு ஓனராக எழுதுகிறேன். எனக்கு பென்ஷன் கிடையாது, கீழ் வீட்டு வாடகைதான் வருமானம். 2020 மார்ச் கடைசியில், தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். கீழே இருந்தவருக்கு அந்த ஊரடங்கில் வேலை போனது. முதல் மாதம் நானே கேட்கவில்லை. அப்புறம் “அட்வான்ஸில் கழிச்சுக்குங்க சார்” என்றார். கழிக்கக் கழிக்க அட்வான்ஸ் தீர்ந்தது, அவர் தீரவில்லை. காலி பண்ணச் சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து மீன் குழம்பு வாசனை. இதற்கு மட்டும் காசு இருக்கிறதே என்று தோன்றியது. குழந்தைகள் இருக்கிற வீடு. அப்படி நினைக்க வைத்ததற்காக அவர் மேல் இன்னும் கோபம் வந்தது. கடைசியில் அவரே சொந்த ஊருக்குப் போய்விட்டார். அதிலிருந்து வேலை இல்லாதவருக்கு வீடு கொடுப்பதில்லை.

மொட்டைமாடி_74:
சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வது வாடகை வராத கதை. நான் வாடகையை முன்னாலேயே தருகிறேன் என்றுதான் சொன்னேன். வேலையில் இருப்பவர் குடி வந்த மறுமாதமே வேலை போனால் என்ன செய்வீர்கள்? சாலரி ஸ்லிப் போன மாதத்தைப் பற்றித்தானே சொல்கிறது. சட்டம்பேசி சாருக்கு: மனைவி பெயரில் போடலாம்தான். ஆனால் பகலில் வீட்டில் இருக்கப்போவது நான்.

வாடகைதான்_பென்ஷன்:
ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுக்கிறேன் என்றால் ஏழாவது மாதம் என்ன ஆகும் என்றுதான் எனக்குத் தோன்றும். கையில் பணம் இருக்கிறவர் லீஸுக்கே போகலாமே?

மொட்டைமாடி_74:
லீஸுக்கு அவர்கள் கேட்கிற லட்சங்கள் இருந்தால் நான் ஏன் மடிப்பாக்கத்தில் வெயிலில் நிற்கிறேன்.

குரோம்பேட்டை_குமரேசன்:
பீளமேடு தோழி, கடைசியில் அந்த வீடு கிடைத்ததா?

பீளமேடு_தோழி:
கிடைத்தது. அக்ரிமென்ட் அண்ணன் பெயரில். வாடகை மாதாமாதம் என் கணக்கிலிருந்துதான் போகிறது, ரசீது அவன் பெயருக்கு வருகிறது.