பழைய படகு வாங்கும் முன் சர்வேயர் தேவையா? செட்டிநாட்டுக்காரர்களின் அனுபவப் பகிர்வு

தேவகோட்டை:
தொண்டி, சோலியக்குடி பக்கம் பழைய ஃபைபர் படகு பார்க்கப் போகிறவர்கள் கண் முதலில் பெயிண்டில்தான் விழுகிறது. பார்க்க வேண்டியது அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே தொங்கும் இன்ஜின், மாட்டும் பின்பலகை. அதற்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் துளையில் அடைப்பு விட்டுப்போனால் உப்புத்தண்ணீர் இறங்கி மரம் ஊறி நைந்துவிடும். வெளியே ஃபைபர் பளபளவென்றே இருக்கும். இன்ஜினைச் சாய்த்துத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை அசைந்தாலோ, மூலையில் முடி மாதிரி வெடிப்பு திறந்து மூடினாலோ பிளைவுட் போய்விட்டது.

அடிப்பாகத்தைச் சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டங்’கென்று கேட்கும், ஃபைபர் அடுக்கு பிரிந்த இடத்தில் ‘தொப்’பென்று. கொப்புளம் இருந்தால் முகத்தை விலக்கிக்கொண்டு குத்துங்கள், உள்ளேயிருப்பது பீய்ச்சும். வருகிற நீரில் காடி (வினிகர்) வாசம் அடித்தால் தண்ணீர் அடுக்குக்குள் போயிருக்கிறது. ஒன்றிரண்டு கொப்புளம் சரிசெய்யக்கூடியது. அடி முழுக்க இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காரைக்குடி:
அவுட்போர்டு மாட்டும் ஃபைபர் படகுக்குச் சர்வேயர், அதாவது படகைச் சோதித்து அறிக்கை தருபவர், வேண்டாம். ஃபைபர் மேஸ்திரி ஒருவர், அவுட்போர்டு மெக்கானிக் ஒருவர் போதும். ஆனால் தரகர் கூட்டி வரும் ஆளாக இருக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் முக்கியம். சிலிண்டர்களுக்கிடையே கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் அளவு) 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் செலவு காத்திருக்கிறது. கியர் ஆயிலின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்தது போல வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது.

கோட்டையூர்:
ஃபைபர் படகுக்குச் சரி. மர விசைப்படகுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே சர்வேயர் கட்டாயம். பழைய வீட்டுத் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய கை நம்முடையது. அதே போலப் படகையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கப்பல்புழு குண்டூசி அளவுத் துளையில் நுழைந்து பலகைக்குள்ளேயே தின்றுகொண்டு போகும், வெளியே ஒன்றும் தெரியாது. மரத்தின் மேல் ஃபைபர் போர்த்திய படகு இன்னும் மோசம், ஏரா (அடிக்கட்டை) முதல் வங்கு (விலாச்சட்டம்) வரை அழுகலை மறைத்துவிடும். நல்ல சர்வேயர் சந்தேகமான இடத்தில் ஒன்றிரண்டு ஆணியைக் கழற்றி, தண்டு துருவில் இளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். அதற்கு விற்பவரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளில் படகுகள் பழுதுபார்க்கக் கரையேறும். அடியை முழுசாகப் பார்க்க அதுதான் சமயம். ஆய்வறிக்கை உங்கள் பெயரில் இருக்கட்டும், இன்ஷூரன்ஸுக்கும் உதவும். சர்வேயர் பொதுவாக இன்ஜினைப் பிரிக்க மாட்டார், அதற்கு மெக்கானிக் தனி.

தேவகோட்டை:
கோட்டையூர்க்காரர் சொன்னதோடு ஒன்று. இன்ஜின் நம்பரையும் குதிரைத்திறனையும் மீன்வளத்துறைப் பதிவோடு ஒப்பிடுங்கள். பதிவில் இல்லாத இன்ஜினை மாட்டி விற்றால் பெயர் மாற்றத்தில் சிக்குவது வாங்கியவர்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போதே ‘ஆய்விலும் கடலில் ஓட்டிப் பார்க்கும்போதும் குறை இருந்தால் பணம் திரும்பும்’ என்று எழுதி வாங்குங்கள். கடலோட்டம் அரை மணி நேரமாவது இருக்கட்டும். படகு ஓடும்போதே அடியில் தண்ணீர் ஊறுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.