புதுப்பிப்பு: தடித்த நூலில் குயில்ட் தையல் சரியாக வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: கருநீலக் குயில்ட்டில் (நடுவே பஞ்சு வைத்து அடுக்கித் தைக்கும் போர்வை) மேல்தையல் கோலம் போல எடுப்பாகத் தெரிய வேண்டும், ஆனால் 12ஆம் எண் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது அறுவதில்லை.

கோளாறு நூலில் இல்லை, ஊசியில்தான். நான் போட்டிருந்தது 80/12 அளவு ஊசி. அதை எடுத்துவிட்டு அதைவிடத் தடித்த 100/16 டாப்ஸ்டிச் (மேல்தையல்) ஊசி போட்டேன். அதன் கண் பெரியது, நூல் படிந்து ஓடும் பள்ளமும் ஆழம். தடித்த நூல் உரசாமல் ஓடுகிறது. பாபினிலும் (மெஷினில் அடிநூல் சுற்றும் சிறு உருளை) அதே நூலைச் சுற்றியிருந்தது இன்னொரு தவறு. இப்போது கீழே 50ஆம் எண் நூல். (புதியவர்களுக்கு: எண் கூடக்கூட நூல் மெலியும்.) மேல் டென்ஷனை (மேல்நூலின் இறுக்கம்) 4இலிருந்து இரண்டரைக்குக் குறைத்தேன், தையல் நீளம் 3.5 மி.மீ. இதெல்லாம் என் மெஷினுக்கு; உங்களுடையதில் துண்டுத்துணியில் தைத்துப் பார்த்துவிடுங்கள்.

நேர்கோடும் பெரிய வளைவும் அவ்வளவு அழகு! சின்னச் சுருள்களில் மட்டும் நூல் குவிந்து முடிச்சு போலத் தெரிந்தது. அங்கே 40ஆம் எண் பளபளப்பான பாலியஸ்டர் நூலுக்கு மாறினேன். அப்புறம், நிறத்தை நூல்கண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு இழையைப் பிரித்துத் துணிமேல் போட்டுப் பாருங்கள். கண்டில் அடர்ந்து தெரிந்த கடுகு மஞ்சள், ஒற்றை இழையில் நன்றாகவே வெளிறியது. ஒரு படி அழுத்தமான மஞ்சள்தான் கடைசியில் பொருந்தியது.

பருத்தி நூல் பஞ்சு உதிர்க்கும், அதனால் ஒவ்வொரு பாபின் தீரும்போதும் மெஷினுக்குள்ளே துடைக்கிறேன். குயில்ட்டின் விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓரப்பட்டி மட்டும் பாக்கி.