அட்டை இல்லாத ஒரு பாலைவன நாவல்: யாராவது படித்திருக்கிறீர்களா?

1989. கல்லூரி விடுதியில் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் மூன்று ரூபாய்க்கு ஓர் ஆங்கில நாவல் வாங்கினேன். முன் அட்டை கிடையாது, தலைப்புப் பக்கமும் கிடையாது. கடைசிப் பக்கங்களும் கட்டாகக் கழன்றுபோயிருந்ததை விடுதிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். ஆக, இன்றுவரை எனக்கு அதன் பெயரும் தெரியாது, முடிவும் தெரியாது.

இரண்டாம் உலகப் போர், லிபியா. எகிப்திலிருந்து ஐந்து லாரிகளில் ஒரு பிரிட்டிஷ் கமாண்டோக் குழு எதிரியின் விமானத் தளத்தைத் தகர்க்கக் கிளம்புகிறது. சிடுசிடு மேஜர், கூட்டத்துக்குள் ஓர் ஒற்றன், வழக்கமான சங்கதிகள் எல்லாம் உண்டு. சண்டைகளில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ரேடியேட்டர்.

லாரியின் ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய், பக்கத்தில் கட்டிய டின்னுக்குள் போகும். டின்னில் பாதியளவு தண்ணீர். கொதித்து வரும் ஆவி அதில் இறங்கிக் குளிர்ந்து தண்ணீராகிவிடும். டின்னும் கொதிக்க ஆரம்பித்தால் லாரியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்திக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் களக்கென்று ஒரு சத்தம். டின்னில் உள்ள தண்ணீரை ரேடியேட்டர் தானே உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு வீணாகாது.

எழுத்தாளர் நன்றாக ரீல் விடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அத்தனையும் நிஜம். ரால்ஃப் பேக்னால்ட் என்ற ராணுவ அதிகாரி போருக்கு முன்பே நண்பர்களோடு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றியபோது பழகிக்கொண்ட வித்தை அது. 1940இல் கெய்ரோவில் அவர் நெடுந்தூரப் பாலைவனப் படையைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நியூசிலாந்துக்காரர்கள்.

நாவலில் பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கி வெடிக்கிறது. ஆனால் 1942இல் அந்தப் படை மாதக்கணக்கில் செய்த முக்கிய வேலை, கடற்கரைச் சாலைக்குச் சற்றுத் தள்ளி இரண்டிரண்டு பேராகப் படுத்துக்கொண்டு, போகிற வருகிற எதிரி லாரிகளையும் டாங்கிகளையும் எண்ணிக் குறித்தது. பகலெல்லாம் எழுந்து நிற்க முடியாது. இதை நாவலாக எழுதினால் யார் வாங்குவார்கள், சொல்லுங்கள்?

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள். புத்தகத்தை அடையாளம் தெரிந்தால் இன்னும் நல்லது.

மறுமொழி:
புத்தகம் தெரியாது சார். மணல் தெரியும். ஓமானில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிக்கப்பை மணலில் இறக்கிவிட்டேன். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, அச்சு வரை புதைந்துவிட்டது. கூட வந்த ஓமானிப் பெரியவர் திட்டவில்லை. சாவி முனையால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். கையாலேயே மணலை வழித்து, சக்கரத்துக்கு முன்னால் பலகையைச் செருகினார். பூனை மாதிரி மெதுவாக ஏறி வந்தது வண்டி. உங்கள் கமாண்டோக்கள் பலகைக்குப் பதில் ஐந்தடி நீள இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்த சாமான், கெய்ரோவில் பழைய இரும்புக் கடையில் பேக்னால்ட் கண்ணில் பட்டதாம்.

மறுமொழி:
இந்த வகை நாவல்களில் எனக்கு ஒரே ஒரு கோபம். இந்தியர் என்று ஒருவர் வருவார், டீ போடுவார், பதினைந்து பக்கத்தில் செத்துப்போவார். நிஜத்தில் இந்திய நெடுந்தூரப் படைப்பிரிவு என்றே ஒன்று அதே பாலைவனத்தில் ரோந்து போனது. ஜாட்டுகள், சீக்கியர்கள், ராஜபுத்திரர்கள், பஞ்சாபி முஸ்லிம்கள் இருந்தார்கள்.

மறுமொழி:
உங்கள் பிரதி எந்த இடத்தில் நிற்கிறது? ஆட்கள் நடக்கும் கட்டமா? அப்படியானால் அது எந்த நிஜச் சம்பவத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1941 ஜனவரி 31, தெற்கு லிபியாவில் ஜெபல் ஷெரிஃப். இத்தாலியர்கள் பேக்னால்ட் படையின் ஒரு ரோந்துக் குழுவை மடக்கினார்கள். பாறைகளுக்குள் தப்பிய நான்கு பேர் மறுநாள் சரணடைவதா, நடப்பதா என்று யோசித்து, தாங்கள் வந்த லாரித் தடத்தைப் பிடித்துத் தெற்கே நடந்தார்கள். இரண்டு காலன் டின்னில் கொஞ்சம் தண்ணீர், ஒரு டப்பா ஜாம். ரான் மூருக்குக் காலில் குண்டுச் சில்லு, ஈஸ்டனுக்குத் தொண்டையில் காயம். பத்தாவது நாள், ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தாண்டி, பிரெஞ்சுப் படையினர் கண்டபோதும் மூர் நடந்துகொண்டிருந்தார். ஈஸ்டன் பிழைக்கவில்லை. மற்ற மூவரும் பிழைத்தார்கள்.

முதல் பதிவர்:
அதேதான்! மூன்று பேர் தடம் பார்த்து நடக்கிறார்கள். என்னிடம் இருக்கும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி நிற்கிறது: "சார்ஜென்ட் டின்னைக் காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே"