விடுமுறைக்கு ஊர் போக கோவையா, நெடும்பாசேரியா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்தில் இருந்து புதிதாக வளைகுடா வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முதல் விடுமுறைக்கு டிக்கெட் தேடும்போது நெடும்பாசேரி, அதாவது கொச்சி விமான நிலையம், மலிவாகத் தெரியும், கோவை கூடுதலாகத் தெரியும், உடனே மலிவானதைப் போட்டுவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். டிக்கெட்டோடு கார் வாடகை, சுங்கம், உங்களை அழைக்க வருகிறவர்களின் ஒரு ராத்திரித் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வானத்தில் நேர்கோடாக 120 கிலோமீட்டர்தான். சாலையில் வாளையார், பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி வழியாக 175 கிலோமீட்டர் வரும். நம்ம கொழிஞ்சாம்பாறையில் இருந்து கோவை விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெடும்பாசேரி என்றால் நள்ளிரவில் மூன்று மணி நேரம், பகலில் நான்கு, ஐந்து கூட ஆகும்.

கிலோமீட்டரை நம்பி நான் பட்டிருக்கிறேன். 2017-ல் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரான் மலையில் சுரங்கப்பாதை இல்லை. ஏற்றத்தில் ஒரு லாரி நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் வண்டிகள் வால் பிடித்து நின்றன. அப்பா காரில் இருந்து இறங்கி முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார், அவர் வேட்டி நுனியெல்லாம் சேறு. நெடும்பாசேரி போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் புது டிக்கெட்டுக்குப் போனது. 2021-ல் சுரங்கப்பாதை திறந்தபிறகு அந்த இடம் சில நிமிடம்தான். ஆனால் 2025-ல் அதே சாலையில் திருச்சூர் தாண்டி முரிங்ஙூர், ஆம்பல்லூர் பக்கம் அடிப்பாதை வேலையால் நெரிசல் முற்றிப்போய், அந்த ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரையில் சுங்கம் வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. அதனால் வளைகுடாவுக்குத் திரும்பி வரும் பயணத்துக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் தேதி. இதில்தான் பல வீடுகளில் குழப்பம். இங்கே அமீரகத்தில் 14-ம் தேதி இரவு பத்து மணிக்கு விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து 15-ம் தேதி விடியற்காலை மூன்றரைக்கு இறங்குவீர்கள். நான் "14-ம் தேதி வர்றேன்" என்று மட்டும் போனில் சொன்னேன். அப்பா 14 விடியற்காலையிலேயே வந்து வெளிவாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து நின்றிருக்கிறார், பிளாஸ்கில் அம்மா கொடுத்த காப்பியோடு. இறங்கும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், திரும்ப அவர்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதாக இருந்தால் நான் கோவையைத்தான் சொல்வேன். 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது, மறு ஆண்டும் மழையில் சில நாள் மூடினார்கள். கோவையில் இருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. தோஹா, குவைத், மஸ்கட்டில் இருக்கிறவர்களுக்கு நெடும்பாசேரிதான் வசதி, அதை மறுக்கவில்லை. தனி ஆளாக, ஒரு பெட்டியோடு பகலில் இறங்கினால் அங்கமாலியிலோ ஆலுவாவிலோ ரயில் பிடித்துப் பாலக்காடு வந்துவிடலாம். குழந்தையும் நான்கு பெட்டியும் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம்.

கோவையில் இருந்து வாடகைக் கார் பேசினால், கேரளத்துக்குள் வர பெர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி வண்டி என்றால் ஓட்டுகிறவரைப் பகலில் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். ஊர் பக்கம் வந்துவிட்டோமே என்று விரட்டச் சொல்லாதீர்கள், நெடும்பாசேரியில் இருந்து வந்தால் சாலக்குடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி அவரும் முகம் கழுவிக்கொள்ளட்டும்.